மேசைக் கூடைப்பந்து: விதிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் தொடங்கிய இந்த ஆட்டம் இப்போது கூடலூருக்கும் உத்தமபாளையத்துக்கும், மலையேறிக் குமுளிக்கும் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி வருபவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். விதித்தாள் நான்கு பக்கந்தான் என்றாலும், அதைப் பற்றிய சண்டைகள் நான்கு பக்கத்துக்குள் அடங்குவதாக இல்லை. கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நாங்கள் சொல்லிவரும் தீர்ப்புகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புதியவர்களுக்காக ஆட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். இருவர் ஆடுவது, ஆளுக்கு ஓர் அணி. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் அவர் ஒரு சீசனில் ஆடிய விதம் எண்களாக எழுதப்பட்டிருக்கும். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பகடைகள். ஆட்டத்தில் நான்கு கால்பகுதிகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 36 புளியங்கொட்டைகளைக் குவித்து வைத்து, ஒரு முறைக்கு ஒரு கொட்டை என எடுத்துக்கொண்டே போக வேண்டும். இரு அணிகளும் மாறி மாறித் தாக்குவதால் ஆளுக்கு 18 முறை கிடைக்கும். முதலில் வெள்ளைப் பகடை பந்து யார் கையில் என்று சொல்லும். அடுத்து இரு பகடைகளையும் உருட்டினால், அவர் எறிகிறாரா, பந்தை இழக்கிறாரா, ஃபவுல் வாங்குகிறாரா என்பது அட்டையில் தெரியும். எறிந்தால், பந்து கூடைக்குள் போனதா என்பதற்கு இன்னொரு உருட்டு.

சொல் குறித்து ஒரு வார்த்தை. கூடைப்பந்தில் ‘கார்டு’ என்பது ஓர் இடத்தில் ஆடுபவரின் பெயர். கையில் பிடிப்பதும் தமிழில் ‘கார்டு’ ஆகிவிடுவதால், கையில் இருப்பதை ‘அட்டை’ என்று மட்டுமே எழுதுகிறோம். அதுபோலவே ‘குவார்ட்டர்’ என்ற சொல்லையும் தவிர்த்துவிட்டோம். மாடியிலிருந்து “மூணாவது குவார்ட்டர் முடிஞ்சிருச்சு” என்று கத்தினால் கீழே இருக்கும் பெரியவர்களுக்கு என்ன தோன்றும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: விதித்தாளில் சொல்லப்படாத ஒன்று நடந்தால் எந்தச் சட்டத்தைப் பின்பற்றுவது?

பதில்: தாள் பேசும் இடத்தில் தாளே சட்டம். தாள் பேசாத இடத்தில் ஃபிபா எனப்படும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் களவிதி செல்லும். தொலைக்காட்சியில் பார்க்கும் என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியின் விதி செல்லாது. பாதிச் சண்டைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவையே. என்.பி.ஏ.வில் ஒரு கால்பகுதி 12 நிமிடம், ஆறாவது ஃபவுலில்தான் ஆட்டக்காரர் வெளியேறுவார். ஃபிபாவில் 10 நிமிடம், ஐந்தாவது ஃபவுலிலேயே வெளியே. நம் பள்ளி மைதானங்களிலும், கோடையில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியிலும் நாம் கண்ணால் பார்ப்பது இரண்டாவது வகை என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: அட்டையில் ‘11–36’ என்று இருந்தால் 26 வாய்ப்புகள் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை, 18 வாய்ப்புகள். பகடை இந்த எல்லைக்குள் விழுந்தால் எறி கூடைக்குள் போகும். புதிதாக ஆடுபவர் அனைவரும் விழும் குழி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிவப்புப் பகடையைப் பத்தாம் இடமாகவும் வெள்ளையை ஒன்றாம் இடமாகவும் படிக்கிறோம். சிவப்பில் 3, வெள்ளையில் 5 என்றால் 35. பகடையில் ஆறுக்கு மேல் முகம் கிடையாது. ஆகவே 16க்கு அடுத்த எண் 21, 26க்கு அடுத்தது 31. 17, 18, 19, 20 என்ற எண்கள் இந்த ஆட்டத்தில் பிறப்பதே இல்லை. 11 முதல் 66 வரை மொத்தம் 36 எண்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. 11 முதல் 36 வரை மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு, ஆக 18; அதாவது சரிபாதி. நூற்றுக்கு 50 எறிகளைக் கூடைக்குள் போடுபவரின் அட்டையில் 11–36 என்று இருப்பது இதனால்தான். நூற்றுக்கு 75 போடுபவருக்கு 27 எண்கள் வேண்டும். அவர் எல்லை 11–53.

இரு பகடைகளையும் கூட்டிப் படித்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கூட்டினால் 7 வருவதற்கு 36இல் ஆறு வழிகளும், 2 வருவதற்கு ஒரே வழியும் இருக்கும். நூற்றுக்கணக்கை அட்டையில் ஏற்றுவது பெரும் தலைவலியாகிவிடும். இரண்டும் ஒரே நிறப் பகடையாக இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டுங்கள். முதலில் உருட்டியது சிவப்பு.

கேள்வி: தடுப்பவரின் எண்ணைக் கழிக்கும்போது 42இலிருந்து 3 போனால் 39தானே?

பதில்: சென்ற மாதம் ஓர் ஆட்டம் இந்தக் கேள்வியால் முக்கால் மணி நேரம் நின்றது. 39 என்ற எண் பகடையில் கிடையாது. தடுப்பவரின் அட்டையில் இருக்கும் தடுப்பு எண் கழிப்பது எறிபவரின் வாய்ப்புகளை. எண்ணின் மதிப்பை அல்ல. 11–42 என்பது 20 வாய்ப்புகள். அவற்றின் கடைசியிலிருந்து மூன்றை நீக்குங்கள்: 42 போயிற்று, 41 போயிற்று, அதற்கு முந்தையது 36, அதுவும் போயிற்று. மிஞ்சுவது 11–35, அதாவது 17 வாய்ப்புகள். விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணுவதே பாதுகாப்பான வழி. கணக்கில் கெட்டிக்காரர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள்.

தடுப்பும் களைப்பும் (கீழே ‘மூச்சு’ பார்க்க) ஒரே நேரத்தில் வந்தால் இரண்டையும் கூட்டிக் கழிக்க வேண்டும். 11–36 எல்லை உள்ளவரை 2 தடுப்பு உள்ளவர் தடுக்கிறார், எறிபவர் களைப்பால் 3 இழக்கிறார் என்றால், 18இல் 5 போய் 13, எல்லை 11–31. ஆனால் எந்த நிலையிலும் மொத்தக் கழிவு 6ஐத் தாண்டக்கூடாது. ஃபவுலுக்கு ஈடாக யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவுக்குத் தடுப்பு கிடையாது, களைப்பு உண்டு. கால் தளர்ந்தவனுக்கு எதிரே ஆள் இல்லாவிட்டாலும் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும் என்பதை ஆடியவர்கள் அறிவார்கள்.

கேள்வி: ஆளுக்கு ஆள் அல்லாமல் இடத்துக்கு இடம் காக்கும் ஜோன் தடுப்பு எப்போது பயன்படும்?

பதில்: எதிரணி முதல் பகடையை உருட்டுமுன் அறிவிக்க வேண்டும், அறிவிக்காவிட்டால் ஆளுக்கு ஆள் தடுப்பு என்று பொருள். ஜோன் அறிவித்தால் தனித்தனித் தடுப்பு எண்களைப் பார்க்கக்கூடாது. எல்லா இரண்டு புள்ளி எறிகளுக்கும் 2 வாய்ப்பு கழியும், தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகளுக்கு 1 வாய்ப்பு கூடும்.

இது எங்கே லாபம், எங்கே நட்டம் என்பதைக் கணக்குப் பார்த்தால் விளங்கும். இரண்டு புள்ளியில் 18 வாய்ப்பும் மூன்று புள்ளியில் 12 வாய்ப்பும் உள்ளவர், தடுப்பே இல்லாதபோது எதை எறிந்தாலும் சராசரியாக ஒரு புள்ளி பெறுவார். ஜோன் வந்தால் இரண்டு புள்ளி எறிக்கு 0.89, மூன்று புள்ளி எறிக்கு 1.08. ஆகவே எதிரணியில் தூர எறியாளர்கள் குறைவாகவும், உங்கள் தடுப்பு எண்கள் பலவீனமாகவும் இருந்தால் மட்டுமே ஜோன் போடுங்கள். ஜோன் தடுப்பு சட்டவிரோதம் என்று வாதிட்ட ஒருவருக்காக: என்.பி.ஏ.வில் அது 2001–02 சீசனில்தான் அனுமதிக்கப்பட்டது. ஃபிபா ஆட்டத்தில் அந்தத் தடை இல்லை.

கேள்வி: தவறிய எறியில் திரும்பி வரும் பந்தை, அதாவது ரீபவுண்டை, தாக்கும் அணியே எடுத்தால் இன்னொரு கொட்டை எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது அதே முறையின் தொடர்ச்சி. பத்து நிமிடம் என்பது 600 விநாடி. அதை 36ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு 16 முதல் 17 விநாடி. ரீபவுண்டுக்குப் பின் நீளும் முறைகளும் சட்டென முடியும் முறைகளும் சேர்ந்த சராசரி அது. தனியாக இன்னொரு கொட்டை எடுத்தால் ஒரே நேரத்தை இருமுறை கழித்ததாகிவிடும். ரீபவுண்டுக்குச் சிவப்புப் பகடை: 1 முதல் 4 வரை தடுக்கும் அணிக்கு, 5, 6 தாக்கும் அணிக்கு.

கேள்வி: ‘மூச்சு’ என்பது என்ன? அது தீர்ந்தவர் ஆடவே கூடாதா?

பதில்: ஆடலாம், தளர்ந்து ஆடுவார். ஒரு கால்பகுதியை 18 கொட்டை வீதம் இரு பாதிகளாகப் பிரிக்கிறோம். ஒரு பாதி என்பது களத்தில் ஐந்து நிமிடம். முழு ஆட்டத்துக்கு எட்டுப் பாதிகள். சராசரியாக ஓர் ஆட்டத்தில் 30 நிமிடம் ஆடியவருக்கு அட்டையில் 6 மூச்சு. ஒரு பாதி ஆடினால் ஒரு மூச்சு கழியும். மூச்சு தீர்ந்தபின் ஆடும் ஒவ்வொரு பாதியிலும் அவருடைய எல்லா எறி எல்லைகளிலும் 3 வாய்ப்பு குறையும்.

களத்தில் எப்போதும் ஐவர், எட்டுப் பாதிகள், ஆகவே ஓர் அணிக்கு 40 மூச்சு தேவை. அணி அமைக்கும்போதே அட்டைகளின் மூச்சைக் கூட்டிப் பாருங்கள். ஏழு நட்சத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளுக்கு 5 மூச்சு வீதம் 35 உடன் வந்து உட்காருபவர், கடைசிக் கால்பகுதியில் எல்லோரும் இரைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். அவர்கள்தான் பிறகு மூச்சு விதியே அநியாயம் என்று சொல்பவர்கள். என் கருத்தில் இந்த ஆட்டத்தின் உயிரே இந்த விதிதான். பெஞ்சில் இருக்கும் எட்டாவது, ஒன்பதாவது ஆட்டக்காரருக்கு ஒரு மதிப்பைத் தருவது வேறெதுவும் இல்லை.

பாதியின் நடுவில் ஃபவுலால் ஒருவர் வெளியேறி இன்னொருவர் வந்தால், வந்தவருக்கும் ஒரு முழு மூச்சு கழியும். கூடுதல் நேரம் ஐந்து நிமிடம், 18 கொட்டை. அதற்கென எல்லா அட்டைகளுக்கும் ஒரு மூச்சு இலவசம். இரண்டாவது கூடுதல் நேரத்துக்கு இலவசம் கிடையாது.

கேள்வி: அணி ஃபவுல் கணக்கில் தாக்கும் அணி செய்யும் ஃபவுலும் சேருமா?

பதில்: சேரும். என்.பி.ஏ.வில் சேராது, அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கிறது. ஒரு கால்பகுதியில் நான்கு ஃபவுல் வரை பொறுத்துக்கொள்ளப்படும். ஐந்தாவதிலிருந்து, எறி முயற்சி இல்லாதபோது செய்த ஃபவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆனால் பந்தைக் கையில் வைத்திருக்கும் அணி ஃபவுல் செய்தால், அது எத்தனையாவது ஆனாலும் ஃப்ரீ த்ரோ கிடையாது. பந்து மட்டும் மாறும். கூடுதல் நேரம் நான்காம் கால்பகுதியின் தொடர்ச்சியாகவே கருதப்படுவதால் அணி ஃபவுல் எண்ணிக்கை அழியாமல் தொடரும்.

ஃபவுல்களைச் சேர்த்து வைத்துத் தண்டிப்பது இன்று நேற்றுத் தோன்றிய யோசனை அல்ல. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே, ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கூடை என்று இருந்தது.

கேள்வி: கடைசி நேரத்தில் வேண்டுமென்றே ஃபவுல் செய்யலாமா?

பதில்: நான்காம் கால்பகுதியின் கடைசி 10 கொட்டைகளில், பின்தங்கியிருக்கும் அணி மட்டும் செய்யலாம். எதிரணி வெள்ளைப் பகடையை உருட்டிப் பந்து யாரிடம் என்று தெரிந்தபின், அடுத்த உருட்டுக்கு முன் சொல்ல வேண்டும். அந்த முறைக்குக் கொட்டை எடுக்கப்படாது. அதுதான் இதன் பயன். ஆனால் சிவப்புப் பகடையை உருட்டி 6 வந்தால் அது பண்பற்ற ஃபவுல்: இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்கே.

மோசமாக ஃப்ரீ த்ரோ போடுபவரையே தேடிப் பிடிக்க முடியாது. யாரிடம் பந்து என்பதை வெள்ளைப் பகடைதான் சொல்லும். 6 விழுந்தால் தாக்குபவர் தம் விருப்பப்படி ஆளைத் தேர்ந்துகொள்வார். நூற்றுக்கு 61 போடுபவர்கூட இரண்டு ஃப்ரீ த்ரோவில் சராசரியாக 1.22 புள்ளி எடுப்பார். சாதாரண முறையில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு புள்ளி. ஆகவே இது நட்டக் கணக்குத்தான். கொட்டை தீர்ந்துகொண்டிருக்கும்போது மட்டும் செய்ய வேண்டியது.

கேள்வி: பகடையை உருட்டாமல் எவ்வளவு நேரம் யோசிக்கலாம்?

பதில்: எதிரில் இருப்பவர் 24 வரை வாய்விட்டு எண்ணலாம், அதற்குள் உருட்டாவிட்டால் முறை போயிற்று. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே காலத்தைக் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. பின்னர் சிரக்கியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன், 48 நிமிடத்தின் 2,880 விநாடிகளை, நல்ல ஆட்டத்தில் இரு அணிகளும் எறியும் 120 எறிகளால் வகுத்தார், 24 வந்தது. ஒரு முறைக்கு 24 விநாடி என்ற அந்த வரம்பை 1954இல் என்.பி.ஏ. ஏற்றது. எங்கள் மாடியில் மலையாளத்தில் எண்ணினாலும் செல்லும். குமுளிச் சேட்டன் ஒருவர் இருபதுக்கு மேல் வேகம் கூட்டுகிறார் என்று புகார் உண்டு. இருபதுக்கு மேல் மட்டும் இருவரும் சேர்ந்து எண்ணுவது என்று தீர்த்து வைத்திருக்கிறோம்.

கேள்வி: பகடை கீழே விழுந்தால், சாய்ந்து நின்றால், மின்சாரம் போய்விட்டால்?

பதில்: மேசையிலிருந்து ஒரு பகடை விழுந்தாலும் இரண்டையும் மீண்டும் உருட்ட வேண்டும். அட்டையில் சாய்ந்து நின்றால், அட்டையை உருவியபின் எந்த முகம் காட்டுகிறதோ அதுதான் என்று முன்பு வைத்திருந்தோம். உருவும் விதத்தில் கைத்திறன் புகுந்துவிட்டதால் இப்போது அதற்கும் மறு உருட்டு. இருட்டில் விழுந்த பகடையை யாரும் தொடக்கூடாது; கைபேசி வெளிச்சத்தில் பார்த்து இருவரும் ஒப்புக்கொண்டால் அது செல்லும்.

கேள்வி: பழைய காலத்து ஆட்டக்காரர்களுக்கு மூன்று புள்ளி எல்லை எப்படி எழுதுவது?

பதில்: எழுதக்கூடாது. மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வில் 1979–80 சீசனில்தான் வந்தது; ஃபிபா 1984இல் ஏற்றது. அதற்கு முன் ஆடியவர் தூரத்திலிருந்தும் போட்டிருப்பார் என்று ஊகித்து எண் கொடுத்தால் அட்டை கற்பனையாகிவிடும். அவர்கள் இரண்டு புள்ளி மட்டுமே எறிவார்கள்.

இதோடு சேர்ந்து வரும் கேள்வி என்.பி.ஏ. ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லேனைப் பற்றியது. 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷியில் ஒரே ஆட்டத்தில் அவர் 100 புள்ளி எடுத்தார். 32 ஃப்ரீ த்ரோவில் 28 உள்ளே. அப்படியிருக்க அவருடைய அட்டையில் ஃப்ரீ த்ரோ எல்லை 11–44 மட்டும் ஏன் என்கிறார்கள். அந்தச் சீசன் முழுவதிலும் அவர் போட்டது நூற்றுக்கு 61.3; அதற்கு 36இல் 22 வாய்ப்பு, அதாவது 11–44. இந்த எல்லையோடு 32 முறை உருட்டினால் 28 அல்லது அதற்கு மேல் விழுவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருமுறைதான். அட்டை சீசனைச் சொல்கிறது; அந்த இரவைப் பகடைதான் கொடுக்க வேண்டும். இரவையே அட்டையில் எழுதிவிட்டால் பிறகு பகடை எதற்கு?

கேள்வி: நாம் நேரில் பார்த்த ஆட்டக்காரர்களுக்கு அட்டை எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம், நான் மிகவும் விரும்புவதும் அதைத்தான். பெரியகுளத்தில் களத்தோரம் உட்கார்ந்து, நோட்டில் எறிகளைக் கோடு போட்டு எண்ணி வந்தவர்கள் எங்களிடையே உண்டு. சிக்கல் என்னவென்றால், ஓரிரு ஆட்டத்தில் ஒருவர் பத்து எறி எறிந்து எட்டைப் போட்டால், அவரை நூற்றுக்கு எண்பது போடுபவராக எழுத முடியாது. பத்து எறியில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். அதனால் பார்த்த கணக்கோடு, 20 எறியில் 8 விழுந்ததாக ஒரு சாதாரணக் கணக்கைச் சேர்க்கிறோம். 30இல் 16 ஆகும், நூற்றுக்கு 53, 36இல் 19 வாய்ப்பு, எல்லை 11–41. நிறைய ஆட்டங்கள் பார்த்துப் பல எறிகள் சேரச் சேர, சேர்த்த இருபதின் கனம் தானாகக் குறைந்துவிடும். உள்ளூர்ப் பிள்ளைகளின் அட்டையில் பெயர் வேண்டாம், பனியன் எண் போதும். மூச்சுக் கணக்கில் குறைவாக எழுதிவிட்டால் மறுநாள் கடைத்தெருவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆண்கள் அட்டையையும் பெண்கள் அட்டையையும் ஓர் அணியில் கலக்கலாமா?

பதில்: கலக்கக்கூடாது. ஓர் அட்டையின் எண்கள் அவர் எதிர்த்து ஆடிய தடுப்பாளர்களை வைத்துப் பிறந்தவை. பந்தின் அளவே பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 7. பெண்கள் அணிகளைத் தனியாக ஆடலாம். கேரளத்தின் கீது அன்னா ஜோஸா, தமிழ்நாட்டின் அனிதா பால்துரையா என்று எல்லையின் இருபுறமும் நடக்கும் வழக்குக்கு விதித்தாளில் தீர்ப்பு இல்லை. இருவரும் இந்திய அணியில் ஆடியவர்கள் என்பதால் ஒரே அணியில் இருவரையும் வைத்து ஆட எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: கடைசிக் கொட்டையில் ஃபவுல் விழுந்தால்?

பதில்: கொட்டை தீர்ந்தாலும் ஃப்ரீ த்ரோ உண்டு. கடைசி ஃப்ரீ த்ரோ தவறினால் ரீபவுண்ட் கிடையாது. நடுக்கோட்டிலிருந்து வீசிப் பார்க்க விரும்புகிறவர் முதல் உருட்டுக்கு முன்பே அறிவித்து, இரு பகடையும் 11 காட்டினால் மட்டும் மூன்று புள்ளி பெறுவார்.

கேள்வி: கொட்டை எண்ணிக்கையில் ஐயம் வந்தால்?

பதில்: எடுத்த கொட்டைகளை எண்ணுங்கள்; 36இல் மீதியே குவியலில் இருக்க வேண்டியது. கூடவோ குறையவோ இருந்தால், எடுத்தவை இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதையும் அடுத்த முறை யாருடையது என்பதையும் ஒப்பிட்டுக் குவியலைச் சரிசெய்யுங்கள். வறுத்த புளியங்கொட்டையை மட்டும் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். மூன்றாம் கால்பகுதிக்குள் பாதி வாய்க்குள் போய்விடுகிறது.